பேறு எவருக்கு?

கற்றல் நோக்கம் என்பதும் கற்றற் பேறு என்பதும் ஒன்றே; இவற்றிடையே பேதம் காண்பது வெறும் சொற்சிலம்பம் என்று கூறுவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். பாடவிதானக் குழுக்களில் வீற்றிருக்கும் பெரியோர் இதனைக் கூறுகின்றனர். படிவங்களை நிரப்பி நிரப்பிக் களைத்துப்போன ஆசிரியரும் இதனையே கூறுகின்றனர். முன்னவரை அவ்வாறு பேசவைப்பது அலட்சியம். பின்னவரைப் பேசவைப்பது சலிப்பு. இரு சாராரும் தவறுகின்றனர் என்பது எமது துணிபு. அத்தவற்றின் விலையைக் கொடுப்பவரோ குழுவிலும் இல்லை, படிவத்திலும் இல்லை. வகுப்பறையின் பின்வாங்கில் இருக்கிறார்.

இலக்கியப் பத்திரிகைக்குப் பாடத்திட்டப் படிவத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். சொல் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கும் இடம் எதுவாயினும் அஃது எழுத்தாளரின் அக்கறைக்குரிய இடமே. அப்பிரிவினால் ஏழை மக்களின் பிள்ளைகள் ஏமாற்றப்படுகையில் வாளாவிருப்பது எமக்கு அழகன்று. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து கிடக்கும் ஊர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

இரு சொற்கள்

‘நோக்கம்’ நோக்கு என்பதினின்று பிறந்தது. நோக்குபவர் ஆசிரியர், அல்லது அவரை நியமித்த நிறுவனம். எதனைக் கற்பிக்கப் போகிறோம், எத்திசையில் மாணவரை அழைத்துச் செல்லப் போகிறோம் என்று முன்கூட்டியே அவர் அறிவிப்பது நோக்கம். ‘பேறு’ பெறு என்னும் வினையடியாகப் பிறந்தது. பெறுபவர் மாணவர். பாடநெறி முடிந்தபின், முன்பு செய்ய இயலாதிருந்த எதனை அவர் இப்போது செய்ய வல்லவராயினார் என்பதே பேறு. வாக்கியத்தின் எழுவாய் மாறுகிறது. எழுவாய் மாறவே பொறுப்பும் மாறுகிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். கொட்டியாரக் குடாவை நம்பி வாழும் இளைஞர்க்கென வெளியிணைப்பு இயந்திரத் திருத்தப் பயிற்சி ஒன்று வகுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெளியிணைப்பு இயந்திரத்தின் அமைப்பையும் தொழிற்பாட்டையும் மாணவர்க்கு அறிமுகம் செய்தல்’ என்று எழுதினால் அது நோக்கம். அறிமுகம் செய்பவர் ஆசிரியர். அவர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிவிட்டால் நோக்கம் நிறைவேறிவிடும். மாணவர் உறங்கியிருந்தாலும் நிறைவேறிவிடும்!

‘கடலில் மூழ்கியெடுத்த இயந்திரத்தைப் பயிற்சியாளர் நன்னீரால் அலசுவார், பிளக்கைக் கழற்றி உருளையினுள் புகுந்த நீரை வெளியேற்றுவார், காபரேற்றரைத் துப்புரவு செய்வார், எண்ணெயிட்டு மீண்டும் இயக்கிக் காட்டுவார்’ என்று எழுதினால் அது பேறு. இயந்திரம் இயங்குகிறதா இல்லையா என்பதைக் கரையில் நிற்கும் எவரும் காணலாம். இயங்கவில்லையாயின் யாரோ ஒருவர் பதில் சொல்லியாகவேண்டும். பதில் சொல்லவேண்டிய அந்த இக்கட்டினின்று தப்புவதற்காகவே இரண்டும் ஒன்று என்னும் வாதம் எழுகிறது.

‘பேறும் முன்கூட்டித்தானே எழுதப்படுகிறது? ஆகவே அதுவும் ஒருவகை நோக்கந்தானே?’ என்று மடக்குவோர் உளர். கடன் சீட்டும் காகிதம், நாட்குறிப்பும் காகிதம். ஆயினும் சீட்டில் ஒப்பமிட்டவர் தவணை வந்ததும் பணம் தரவேண்டும். பேறு என்று எழுதுபவர் அத்தகைய சீட்டில் ஒப்பமிடுகிறார். தவணை நாளில் சான்று காட்ட அவர் கடமைப்பட்டவர். நோக்கத்தை எழுதியவர்க்கு அக்கடப்பாடு கிடையாது.

வினைச்சொல் வியாபாரம்

இச்சிந்தனை நேற்று முளைத்ததன்று. அமெரிக்கரான ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட நூலில், பாடவிதானம் வகுப்போர் தம் கல்வி நோக்கங்களை முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்றார். 1956இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தனர். 1962இல் ராபர்ட் மேகர், மாணவர் செய்துகாட்டும் செயலாகவே நோக்கத்தை எழுதவேண்டும் என்று வற்புறுத்தினார். நோக்கம் பேற்றின் திசையில் நகரத் தொடங்கியது அப்போதே. பின்னர் வந்த பல்கலைக்கழகச் சீர்திருத்தங்கள் ‘பேறு’ என்பதைத் தம் கொடியில் எழுதிக்கொண்டன.

நம் நாட்டிலும் அக்கொடி ஏறிற்று. தேசிய கல்வி நிறுவகம் 2007இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டத்தைப் பாடசாலைகளுக்குக் கொணர்ந்தது. உயர்கல்வி அமைச்சு 2012இல் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தை வெளியிட்டு, 2015இல் அதனைத் திருத்தியது. பன்னிரண்டு மட்டங்கள், பன்னிரண்டு வகைக் கற்றற் பேறுகள், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரக் கற்றல், ஆண்டுக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணிநேரம். கணக்கு செம்மையாகவே உள்ளது. மாணவர் என்ன பெறுகிறார் என்று கேட்கத் துணிந்த அளவில் இச்சட்டகத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆயின் நடந்தது என்ன? பழைய பாடத்திட்டம் மேசைமீது வைக்கப்பட்டது. புளூமின் வினைச்சொற் பட்டியல் அதன் அருகே வைக்கப்பட்டது. ‘விளங்கிக்கொள்ளல்’ அடிக்கப்பட்டு ‘விளக்குவார்’ எழுதப்பட்டது. ‘அறிந்துகொள்ளல்’ அடிக்கப்பட்டு ‘பட்டியலிடுவார்’ எழுதப்பட்டது. ‘நோக்கங்கள்’ என்ற தலைப்பு ‘பேறுகள்’ ஆயிற்று. பாடம் மாறவில்லை, பாடம் சொல்லும் முறை மாறவில்லை, ஆண்டிறுதி வினாத்தாளும் மாறவில்லை. பழைய கள், புதிய மொந்தை! நாடெங்கும் எத்தனையோ பாடநெறிகள் இவ்வாறே ‘திருத்தம்’ பெற்றன. மதிப்பீட்டாளர் வந்து மொந்தையைப் பார்த்துவிட்டுச் சென்றனர்.

இந்தக் கண்கட்டு வித்தையைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. பேறு என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘எந்தப் பரீட்சையில், எந்தச் செயலால் இது காட்டப்பட்டது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பகுப்பாய்வு செய்வார்’ என்ற வரிக்கு எதிரே, விரிவுரைக் குறிப்பை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் வினா நிற்கும். ‘கூட்டாகச் செயலாற்றுவார்’ என்ற வரிக்கு எதிரே, மூன்று மணிநேரத் தனியாள் எழுத்துப் பரீட்சை நிற்கும். சட்டகத்தின் பன்னிரண்டு வகைகளுள் ஒன்று வாழ்க்கை பற்றிய தொலைநோக்கு. நல்ல விடயமே. ஆனால் எந்த வினாத்தாள் அதனை அளக்கப் போகிறது? அளக்க வழியில்லையாயின் அது நோக்கம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே!

துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்கள்

இவ்வேறுபாடு கொழும்பில் ஒரு நிர்வாகப் பிரச்சினையாகத் தோன்றலாம். திருகோணமலையில் அது வாழ்வுப் பிரச்சினை.

பல்கலைக்கழக அனுமதிக்கெனக் கல்வியிற் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் இங்கு உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாய் நிற்கின்றன; மாவாலை உண்டு; சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. இவற்றின் நிழலிலேயே பின்தங்கிய மாவட்டம் என்ற முத்திரையும் உண்டு.

சம்பூரை எண்ணிப் பாருங்கள். 2006இல் யுத்தத்தினால் விரட்டப்பட்ட அம்மக்கள் தம் நிலத்துக்கு மீளத் தொடங்கியது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. 2006 தை மாதம் முதலாந் தரத்தில் சேர்ந்த பிள்ளை, 2016 மார்கழியில் சாதாரணதரப் பரீட்சைக்கு அமரும். அதாவது, ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிப்பருவமும் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம் வாழ்வில் கழிந்திருக்கிறது. அப்பிள்ளையின் கையிலும் அதே பாடத்திட்டம், அதே நோக்கங்கள்! நோக்கத்தின் அளவில் சம்பூர்ப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் சமம். 1945இல் கன்னங்கரா காலத்தில் வென்றெடுத்த இலவசக் கல்வியின் மாண்பு அச்சமத்துவம். அதனை நாம் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டோம். ஆயினும் சமமான நோக்கம் சமமான பேறாகத் தானே கனிந்துவிடாது. இடையில் பாடசாலை வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், ஷெல்லடிக்கு அஞ்சாது உறங்கும் இரவு வேண்டும்.

நோக்கத்தை மட்டும் பேசுபவர், ‘எல்லோர்க்கும் ஒரே பாடத்தைக் கொடுத்தோம், பெறாதது அவர் குறை’ என்று கைகழுவலாம். பேற்றைப் பேசுபவர்க்கு அவ்வாறு கைகழுவ இயலாது. கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று அவர் கேட்டாகவேண்டும். நம் பழைய வழக்கில் ‘பேறு’ என்பதற்குப் பாக்கியம் என்ற பொருளும் உண்டு. பின்தங்கிய ஊர்ப் பிள்ளைக்குக் கல்வி பாக்கியமாகவே இருந்துவரட்டும் என்றுதான் நம் பாடவிதானப் பெரியோர் கருதுகின்றனரா?

மொழி என்னும் உரைகல்

மூவினத்தவரும் வாழும் மாவட்டம் இது. நோக்கத்துக்கும் பேற்றுக்கும் உள்ள இடைவெளியை அளக்க மொழியைவிடச் சிறந்த உரைகல் இங்கு இல்லை.

1956இல் தனிச் சிங்களம் சட்டமாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007இல் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை, புதிதாக அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. வகுப்புகள் தோன்றின, பரீட்சைகள் தோன்றின, சான்றிதழ்களும் தோன்றின. ‘இரண்டாம் மொழியில் தொடர்பாடற் திறனை விருத்தி செய்தல்’: எவ்வளவு அழகிய நோக்கம்!

பேறாக அதனை எழுதினால் எவ்வாறிருக்கும்? ‘மூதூரிலிருந்து வரும் முதியவர் தமிழிற் சொல்லும் காணி முறைப்பாட்டை உத்தியோகத்தர் கேட்பார், தமிழிலேயே எழுதுவார், எழுதியதை அவர்க்கு வாசித்துக் காட்டியபின் ஒப்பம் பெறுவார்.’ இவ்வாறே, சேருவிலவிலிருந்து வரும் சிங்களக் கமக்காரர்க்குத் தமிழ் உத்தியோகத்தர் சிங்களத்தில் பதிலளிக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பேறாக ஏற்றுக்கொண்டால் பாடநெறி முழுவதையும் மாற்றியமைக்க நேரும். இலக்கணப் பயிற்சியோடு காணிச் சொற்களும் கற்பிக்க வேண்டும். பேச்சு வழக்கைக் கேட்டு விளங்கப் பயிற்றவேண்டும். பரீட்சை மேசையின் எதிர்ப்புறத்தில் அம்மொழி பேசும் குடிமகன் ஒருவரை அமர்த்தவேண்டும். அது கடினம், செலவும் அதிகம். ஆகவே நோக்கத்தோடு நின்றுகொள்வது வசதியாயிருக்கிறது. சான்றிதழ் கோவையில் உறங்க, முதியவர் மொழிபெயர்க்க ஆள் தேடிக் கச்சேரி வாசலில் அலைகிறார்.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். உயர்தரம் வரை தமிழில் பயின்ற மாணவர் ஆங்கில மூல விரிவுரைக்குள் நுழைகையில், அவர் பெறவேண்டிய பேற்றின் முன்னே மொழி ஒரு மதிலாய் எழுகிறது. ‘கோட்பாட்டை ஆராய்ந்து விளக்குவார்’ என்ற வரியில் உள்ள ‘விளக்குவார்’ எம்மொழியில் என்று எந்தப் பாடத்திட்டமாவது சொல்கிறதா? தமிழில் அவர் தெளிவாக விளக்கக்கூடியதை ஆங்கிலத்தில் விளக்க முடியாமற் போனால் அளக்கப்பட்டது கோட்பாட்டறிவா, ஆங்கிலமா? பேறு இன்னதென்று தெளிந்திருந்தால் இந்தக் குழப்பம் நேராது.

மறுபக்கத்துப் பள்ளம்

இதுகாறும் கூறியதைக் கொண்டு, நோக்கத்தை ஒழித்துவிட்டுப் பேற்றை மட்டும் அரியணை ஏற்றச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ளற்க. அப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. சரித்திரம் அதில் விழுந்து எழுந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்தச் சட்டக்கோவை, பள்ளிகளுக்கான மானியத்தை, பிள்ளைகளின் வரவோடும் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் அவர்கள் பெறும் சித்தியோடும் பிணைத்தது. ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ என்று அதற்குப் பெயர். விளைவு? பாடப்புத்தகம் மனப்பாடமாயிற்று. பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் ‘வாசித்தனர்’ என்று கதை சொல்வதுண்டு. பள்ளிப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இம்முறை கல்வியை இயந்திரமாக்குகிறது என்று ஓயாது கண்டித்தார். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின் உதவி பெறும் பாடசாலைகளுக்கு இலங்கையிலும் அதே முறை வந்து சேர்ந்தது. ஆளும் நாட்டின் நோய் ஆளப்படும் நாட்டுக்கும் தொற்றுவது புதுமையன்று.

நம் காலத்திலும் ஒரு பாடம் உண்டு. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் தென்னாபிரிக்கா 1997இல் பேற்றை மையமாகக் கொண்ட புதிய பாடவிதானத்தை அறிவித்தது. உயர்ந்த எண்ணத்தில் பிறந்த திட்டம் அது. நூலகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள வசதியான பள்ளிகள் தாக்குப்பிடித்தன. கறுப்பின ஏழைகளின் பள்ளிகள் படிவக் குவியலில் மூழ்கின. 2010இல் அம்முறையைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. பேற்றைக் கேட்டவர் அதனை விளைவிக்கும் வசதியைக் கொடாதபோது இவ்வாறே முடியும். விதையும் நீரும் கொடாமல் கமக்காரனிடம் விளைச்சற் கணக்குக் கேட்பது கொடுங்கோன்மை.

இன்னொன்றும் உண்டு. முன்கூட்டிச் சொல்ல இயலாத பயன்களும் கல்வியில் உள. ஒரு நாடகத்தை, ஒரு கவிதையை, கோணேசர் மலையடியில் அலை மோதும் பாறையை மாணவர் முன் வைத்துவிட்டு, ‘நீர் இதனின்று இன்னதையே பெறவேண்டும்’ என்று எவர் விதிக்க முடியும்? எலியட் ஐஸ்னர் 1967இலும் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இலும் எழுப்பிய மறுப்பு இதுதான். அவ்விடங்களில் நோக்கம் போதும், வழி திறந்திருக்கட்டும். ஆனால் இந்த உண்மையைப் போர்வையாக்கிக்கொண்டு, இயந்திரம் திருத்தத் தெரியாத திருத்துநரையும் முறைப்பாடு எழுதத் தெரியாத உத்தியோகத்தரையும் உருவாக்கிவிட்டு, ‘கல்வி அளவைக்கு அப்பாற்பட்டது’ என்று வேதாந்தம் பேசுவதை நாம் ஏற்கோம்.

பேற்றை எழுதுவது எவர்?

எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி இது. பேற்றை வரையறுக்கும் அதிகாரம் எவர் கையில்?

‘தொழிற் சந்தையின் தேவை’ என்ற மந்திரம் இன்று எங்கும் ஒலிக்கிறது. துறைமுக மாவட்டத்தில் அதன் பொருள் வெளிப்படை. சரக்கு ஏற்றுவோர், பளு தூக்கி இயக்குவோர், விடுதியிற் பரிமாறுவோர் வேண்டும். அவர்களைப் பயிற்றித் தருவதே பாடநெறியின் பேறு என்பர். தொழில் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. வேலையற்ற இளைஞரின் வேதனையை அறிவோம். ஆனால் ஒரே எசமானுக்காக வார்க்கப்பட்ட திறமை, அந்த எசமான் கப்பலேறும் நாளில் என்னாகும்? 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கையளிக்கப்பட்டபோது, அத்தளத்தைச் சுற்றிப் பிழைத்த இந்நகரம் அக்கேள்வியைச் சந்தித்தது.

முதலாளி எழுதும் பேற்றுப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத வரிகள் சில உள. ‘பயிற்சி முடிவில் தொழிலாளி தம் சம்பளச் சீட்டை வாசிப்பார், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தம்மிடம் பிடிக்கவேண்டிய 8 வீதமும் தொழில்வழங்குநர் சேர்க்கவேண்டிய 12 வீதமும் செலுத்தப்பட்டனவா என்று கண்டறிவார்.’ தெளிவான வினை. எளிதில் அளக்கத்தக்க செயல். புளூமின் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான பேறு உண்டா? எனினும் இதனை எழுத எந்தக் குழு முன்வரும்? பேற்றின் இலக்கணத்தை எவரும் கற்பிக்கலாம். அந்த இலக்கணத்தில் எவருடைய வாழ்வு எழுதப்படுகிறது என்பதில்தான் வர்க்கத்தின் கை தெரிகிறது.

நாம் கேட்பது

எமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது: ஒவ்வொரு பாடநெறியிலும் நோக்கமும் பேறும் தனித்தனியே எழுதப்படுக. நோக்கத்தின் எழுவாய் ஆசிரியராகவோ நிறுவனமாகவோ இருக்கட்டும். பேற்றின் எழுவாய் மாணவராக இருக்கட்டும்.

இரண்டாவது: பேறு ஒவ்வொன்றுக்கும் அதனைக் காட்டும் செயல் இன்னது என்று பாடம் தொடங்கும் முன்னரே மாணவர்க்கு அவர் மொழியில் அறிவிக்கப்படுக. காட்ட வழியில்லாத வரி நோக்கத்தின் பக்கத்துக்கு நாணமின்றித் திரும்பிச் செல்லட்டும்.

மூன்றாவது: மாணவர் பெருந்தொகையாய்த் தவறும்போது விசாரணைக் கூண்டில் முதலில் ஏறவேண்டியது பாடநெறி. ஆசிரியர் பற்றாக்குறையா, கருவி இல்லையா, மொழித் தடையா என்று ஆராய்ந்து, கண்டது ஊரறிய வெளியிடப்படுக. தவறியவரைக் கணக்கெடுத்து மானியத்தைக் குறைக்கும் 1862ஆம் ஆண்டு மூடத்தனம் எந்தப் புதுப் பெயரிலும் திரும்பி வரலாகாது.

நான்காவது: பேறுகளை வகுக்கும் மேசையில் மீனவர்க்கும், துறைமுகத் தொழிலாளிக்கும், மூதூர், கிண்ணியா, குச்சவெளி ஊர்களின் ஆசிரியர்க்கும், முந்திய ஆண்டில் அப்பாடத்தைக் கற்று வெளியேறியவர்க்கும் இடம் தரப்படுக. பெறப்போகின்றவரைக் கேளாமல் பேற்றை எழுதுவது எவ்வகை நியாயம்?

இவை நிறைவேற்றற்கரிய கோரிக்கைகள் அல்ல. முதலிரண்டுக்கும் புதிய செலவில்லை; நேர்மை போதும். பின்னிரண்டும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வதால் எதிர்ப்பைச் சந்திக்கும். அதனையும் அறிந்தே கேட்கிறோம். ஆசிரிய நண்பர்களே, படிவத்தின் சலிப்பைப் பொருட்படுத்தாது அந்த ஒரு வரியை மட்டுமேனும் மெய்யாக எழுதுங்கள். இந்த வகுப்பிலிருந்து இவர் எதனைக் கையிற் கொண்டு வெளியேறுவார்? விடை எழுத முடியாவிட்டால் பாடத்தைத் திருத்துங்கள். எழுதிவிட்டால், அதனைக் கேட்டுப் பெறும் உரிமை மாணவர்க்கு உண்டு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.